பிரசவத்துக்குப் பிறகு தளர்ந்து தொங்கும் வயிற்றுத் தோலுக்கு என்ன செய்யலாம்?

சின்னவன் பிறந்து ஏழு மாதம். அவனை அம்மாவிடம் விட்டுவிட்டு மறுபடி வேலைக்குப் போன முதல் வாரம். மதுரை திருநகரில் ஏறி, பெரியார் பஸ் ஸ்டாண்டு போகும் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தேன். காலேஜ் பெண் ஒருத்தி சட்டென்று எழுந்து, "உக்காருங்கக்கா, இந்த நேரத்துல நிக்கக் கூடாது" என்றாள். எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது. 'இல்லம்மா, பெத்தாச்சு' என்று சொல்ல வாய் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். பழங்காநத்தம் வரும்வரை ஜன்னலுக்கு வெளியேதான் பார்வை.

கேள்வி கேட்டவர் தன் பிள்ளைக்கு ஐந்து மாதம், இரண்டாவது பிரசவம், சிசேரியன் என்கிறார். மூன்று வகை எண்ணெய் தேய்த்தும் வயிறு "தண்ணியில நனைஞ்ச அப்பளம் மாதிரி" இருக்கிறதாம். இதைவிடச் சரியாக யாராலும் சொல்ல முடியாது. எனக்கும் மூத்தவள் சுகப்பிரசவம், சின்னவன் சிசேரியன். நான் டாக்டர் இல்லை. பட்டதையும், டாக்டரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நாம் "தோல் தொங்குது" என்று சொல்கிறோமே, அதில் தோலின் பங்கு பாதிகூட இருக்காது. பெற்ற மறுநாள் கர்ப்பப்பை தொப்புள் உயரத்துக்கு, ஏறக்குறைய ஒரு கிலோ எடையில் இருக்கும். அது சுருங்கிப் பழைய அளவுக்கு வர ஆறு வாரம் பிடிக்கும். பால் கொடுக்கும்போது அடிவயிற்றைச் சுருட்டிப் பிடிக்குமே, அது இந்தச் சுருக்கம்தான். இரண்டாவது பிள்ளைக்கு இன்னும் பலமாகப் பிடிக்கும். ஆக, முதல் ஆறு வாரம் கண்ணாடி பார்த்து அழுவது வீண். ஐந்து மாதம் ஆன உங்களுக்கு அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. இனி பார்க்க வேண்டியது தசை, கொழுப்பு, தோல் மூன்றும். இவற்றில் யாரும் நமக்குச் சொல்லாமல் விடுவது தசையைத்தான்.

எனக்கே அது முதுகுவலிக்குப் போன இடத்தில்தான் தெரிந்தது. எலும்பு டாக்டர் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். அந்தம்மா என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, "கையை ஊனாம தலையை மட்டும் லேசாத் தூக்குங்க" என்றார். தூக்கினேன். வயிற்றின் நடுவில், நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள்வரை, மீன் முதுகு போல ஒரு மேடு எழும்பியது. தலையைக் கீழே வைத்ததும் அமுங்கிவிட்டது. அந்த இடத்தில் விரல்களைக் குறுக்காக வைத்துப் பார்த்தார். மூன்று விரல் உள்ளே இறங்கியது. "உங்களுக்குத் தோல் பிரச்சினை அப்புறம். உள்ள தசை ரெண்டு பக்கமும் விலகிக் கிடக்கு" என்றார்.

விலா எலும்பிலிருந்து இடுப்பு எலும்புவரை வயிற்றின் முன்பக்கம் இரண்டு தசைப் பட்டைகள் செங்குத்தாக ஓடுகின்றன. நடுவில் அவற்றைச் சேர்த்துப் பிடிப்பது ஒரு வெள்ளை நார்ப்பட்டை. பிள்ளை வளர வளர அந்த நார் அகலமாக இழுபடும். பெற்ற பிறகு பலருக்கு எட்டு வாரத்துக்குள் தானாகக் கூடிவிடும். சிலருக்குக் கூடாது. கூடாவிட்டால் குடலின் பாரம் முன்னால் தள்ளி, வயிறு சரிந்து நிற்கும். நாடாக் கட்டில் தொய்ந்துபோனால் மேலே விரித்த ஜமுக்காளத்தை எவ்வளவு இழுத்துவிட்டாலும் குழி போகுமா? நாம் எண்ணெய் தேய்ப்பதெல்லாம் ஜமுக்காளத்துக்கு.

இதற்கு முன்னால் நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். யூடியூப் பார்த்து, காலையில் ஐம்பது முறை மல்லாக்கப் படுத்து எழும் பயிற்சி. வியர்த்துக் கொட்டும், ஏதோ சாதித்த மாதிரி இருக்கும். நடு விலகியிருக்கும்போது அது அந்த நாரைத்தான் மேலும் தள்ளும் என்று பிசியோதெரபிஸ்ட் தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு காலையும் சேர்த்துத் தூக்குவதும் அப்படித்தான். செய்யும்போது நடுவில் மேடு எழும்பினால் அந்தப் பயிற்சி இப்போதைக்கு வேண்டாம். இதுதான் அவர் சொன்ன ஒரே விதி.

அவர் கொடுத்தது பார்க்கச் சிரிப்பாக இருந்தது. படுத்துக்கொண்டு மூச்சை இழுத்து வயிற்றை நிரப்பி, மெதுவாக விடும்போது தொப்புளை முதுகெலும்புப் பக்கம் உள்வாங்க வேண்டும். கூடவே ஒண்ணுக்கை அடக்குவது போல அடிப்பகுதியை மேலே சுருக்க வேண்டும். அதையே செய்தபடி ஒரு குதிகாலைத் தரையில் தேய்த்து நீட்டி, மடக்கி, பிறகு மறுகால். இடுப்பைத் தரையோடு அழுத்தி விடுவது ஒன்று. அவ்வளவுதான். கடினமாக இருந்தது பயிற்சி இல்லை, பழக்கத்தை மாற்றுவதுதான். படுக்கையிலிருந்து நேராக எழுந்திருக்கக் கூடாது, ஒருக்களித்துக் கையை ஊன்றி எழ வேண்டும். பிள்ளையையோ தண்ணீர்க் குடத்தையோ தூக்கும்போது மூச்சைப் பிடிக்காமல் விட்டுக்கொண்டே தூக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை பிள்ளையைத் தூக்குகிறோம் என்று எண்ணிப் பாருங்கள், அத்தனையும் பயிற்சிதான். தும்மினால் ஒண்ணுக்குச் சொட்டுவதும் எனக்கு இதிலேயே நின்றது. வெட்கப்பட்டு அம்மாவிடம்கூடச் சொல்லாமல் இருந்த விஷயம் அது.

நான்கு மாதத்தில் மூன்று விரல் ஒன்றரை விரலானது. வயிறு நன்றாக உள்ளே போனது, முதுகுவலி குறைந்தது. ஆனால் தொப்புளுக்குக் கீழே ஓர் உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கிய தோல் அப்படியே இருந்தது. அதுதான் நிஜமான தோல் கணக்கு.

அதற்கு வருகிறேன். தோல் இழுபடும்போது அதன் அடியடுக்கில் உள்ள கொலாஜன், எலாஸ்டின் இழைகள் அறுந்துபோகின்றன. பிரசவக் கோடுகள் அந்த அறுந்த இடங்கள்தான். தேங்காய் எண்ணெய், பாதாம் எண்ணெய், கடையில் ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் எண்ணெய், எதுவானாலும் மேலடுக்கோடு நின்றுவிடும். அடியில் அறுந்ததை ஒட்டவைக்காது. அரிப்பு அடங்கும், வறட்சி போகும், தேய்க்கச் சுகமாக இருக்கும். அதற்காகத் தேய்ப்பதென்றால் வீட்டுத் தேங்காய் எண்ணெயே போதும். நான் இன்னும் தேய்க்கிறேன், இறுகும் என்ற நம்பிக்கையில் இல்லை. முட்டை வெள்ளைக்கருவைப் பூசினால் இறுக்கமாகத் தெரியும், உண்மைதான். காயும்போது இழுக்கும், கழுவினால் போச்சு. அந்த முட்டையை அவித்துத் தின்றிருந்தால் ஆறு கிராம் புரதமாவது உடம்பில் சேர்ந்திருக்கும். வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ரெட்டினாய்டு கிரீம்களைப் பால் கொடுக்கும்போது டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். சிவந்த கோடுகள் மாதக்கணக்கில் மெல்ல வெளுத்து வெள்ளிக் கம்பி நிறத்துக்கு வரும். தொப்புளிலிருந்து கீழே ஓடும் கறுப்புக் கோடும் அப்படியே மங்கும். தோல் சுருங்குவது ஒரு வருஷம்வரைகூட நடந்துகொண்டிருக்கும். ஐந்தாம் மாதத்தில் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். எவ்வளவு திரும்பும் என்பது வயது, அம்மா வழித் தோல் வாகு, எத்தனையாவது பிள்ளை, எவ்வளவு எடை கூடியது என்பதையெல்லாம் பொறுத்தது. என் தங்கைக்கு ஒரு கோடுகூட விழவில்லை. அவள் ஒன்றும் தேய்க்கவும் இல்லை.

இனி அம்மா வைத்தியம். அப்பாவின் பழைய வேட்டியை எட்டு விரல் அகலத்துக்கு மடித்து, என்னைப் படுக்கவைத்து, மூச்சு முட்டக் கட்டுவார். "பச்ச உடம்புடி, இப்ப கட்டலேன்னா வயிறு சரிஞ்சு போயிரும்." கட்டினால் இடுப்புக்கு ஒரு பிடிமானம் கிடைக்கிறது, அதை மறுக்க மாட்டேன். சிசேரியனுக்குப் பிறகு எழுந்து நடக்கும்போது தையல் வலிக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் துணி தோலைச் சுருக்காது, விலகிய தசையையும் தைக்காது. ரொம்ப இறுக்கினால் பாரம் கீழ்நோக்கி, ஏற்கெனவே தளர்ந்த அடித்தசையின் மேல் இறங்கும். நடக்கும்போது மட்டும், இரண்டு விரல் உள்ளே நுழையும் அளவுக்குக் கட்டிக்கொண்டேன். தூங்கும்போது அவிழ்த்துவிடுவேன். அம்மா பார்க்காத நேரத்தில்.

தண்ணீர் விஷயத்தில்தான் எனக்கும் அவருக்கும் பெரிய சண்டை. "தண்ணி குடிச்சா வயித்துல நீர் கோத்துத் தொப்பை விழுந்துரும்" என்று ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் சீரகத் தண்ணீரோடு நிறுத்திவிட்டார். பால் கொடுக்கிற உடம்பு, நாக்கு வறண்டு கிடந்தேன். நான்காம் நாள் மலச்சிக்கல். தையலோடு முக்கியது இன்னும் நினைவிருக்கிறது. அப்படி முக்குவதும் அந்த நடு நாரைத்தான் தள்ளும் என்பது பின்னால்தான் தெரிந்தது. வயிறு சரியக் கூடாதென்று தண்ணீரை நிறுத்தினால் சரிவதற்கே வழி செய்கிறோம். தாகம் எடுக்கும்போதெல்லாம் குடியுங்கள். பூண்டு, சுக்கு, பால் சுறாப் புட்டு என்று அம்மா தந்த மற்றதெல்லாம் அருமையான சாப்பாடு, குறை சொல்ல மாட்டேன்.

மடிப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் "தோல் பராமரிப்பு" என்றால் உண்மையில் இதுதான். சிசேரியன் தழும்புக்கு மேல் தோல் ஒரு விளிம்பு போலத் தொங்கும். அதன் அடியில் வியர்வை தேங்கும். சித்திரை மாத மதுரை வெயிலை நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அந்த மடிப்பில் கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண் மாதிரி வெந்து, சிவந்து, ஓரத்தில் படை ஏறிவிட்டது. வீட்டுக்காரர் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு கிரீம் வாங்கி வந்தார். மூன்றே நாளில் மாயம் போல அரிப்பு நின்றது. விட்ட பத்தாம் நாள் இரண்டு மடங்காக வந்தது. தோல் டாக்டர் டியூபைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஸ்டீராய்டு இருக்கும்மா" என்றார். அது அரிப்பை அடக்கி, பூஞ்சையை உள்ளே வளரவிடும். நாளாகப் பூசினால் தோலை மெலியவைத்துப் புதிதாகக் கோடே விழவைக்கும். அவர் எழுதிய பூஞ்சை மருந்தைச் சிவப்பு மறைந்த பிறகும் சில வாரம் பூசினேன்.

இப்போது என் வழக்கம் இது. குளித்ததும் மடிப்பைத் தூக்கித் துணியால் ஒற்றியெடுப்பேன், தேய்ப்பதில்லை. ஃபேனுக்குக் கீழே ஐந்து நிமிஷம் படுத்துக் காயவிடுவேன். வெயில் நாளில் அப்பாவின் அதே பழைய வேட்டியில் கிழித்த ஒரு துண்டை மடிப்பில் வைத்துக்கொள்வேன், நனைந்தால் மாற்றுவேன். பவுடர் போட்டால் வியர்வையில் குழைந்து கட்டியாகி உறுத்துகிறது, விட்டுவிட்டேன். பாவாடை நாடாவைத் தழும்பு மேல் இறுக்கிக் கட்டுவதையும் நிறுத்தியாயிற்று. பட்டையான எலாஸ்டிக் வைத்துத் தைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டைக் குறைத்துச் சட்டென்று இளைக்க நினைக்காதீர்கள். கொழுப்பு வேகமாகக் கரைந்தால் தோல் இன்னும் தொளதொளவென்றுதான் ஆகும், பாலும் குறையலாம். வாரம் அரைக் கிலோ போதும். முட்டை, மீன், சுண்டல், பருப்பு, ஒரு நெல்லிக்காய், இவைதான் நான் சேர்த்தவை. நடையை முதலில் பத்து நிமிஷத்தில் தொடங்குங்கள். பிள்ளை பெற்றவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி சொல்கிறது. சிசேரியன் என்பதால் பளு தூக்குவது, ஓடுவது எல்லாம் டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகுதான்.

ஆபரேஷன் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். மிஞ்சிய தோலை நிஜமாகவே எடுப்பது அது ஒன்றுதான். டம்மி டக் என்பார்கள், விலகிய தசையையும் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். லிப்போசக்ஷன் வேறு. அது கொழுப்பை உறிஞ்சும், தோலை இறுக்காது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பணம் கட்டிவிட வேண்டாம். என் அலுவலகத்தில் ஓர் அக்கா டம்மி டக் செய்துகொண்டார். இடுப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தழும்பு, நீர் வடிய டியூப், ஒன்றரை மாதம் கனம் தூக்கக் கூடாது. அவருக்கு அதில் முழுத் திருப்தி, பிள்ளைகளும் வளர்ந்தவர்கள். மறுபடி பிள்ளை பெறும் எண்ணம் இருந்தாலோ, பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ, எடை இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாலோ டாக்டர்களே தள்ளிப்போடச் சொல்வார்கள். நான் வேண்டாமென்று விட்டேன். தூக்கு தூக்கு என்று நிற்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒன்றரை மாதம் தூக்காமல் இருப்பது எனக்கு நடக்காது.

தொப்புளில் இருமும்போது உருண்டையாகப் புடைத்தால் அது குடலிறக்கமாக இருக்கலாம், காட்டிவிடுங்கள். புடைத்தது உள்ளே போகாமல் வலித்தால், வாந்தி வந்தால், அன்றே ஆஸ்பத்திரி. தழும்பில் சீழ், வாடை, காய்ச்சல் என்றாலும் அப்படியே.

மற்றபடி இன்றைக்கு எண்ணெயை எடுப்பதற்கு முன்னால், பிள்ளை தூங்கியதும், தரையில் பாய் விரித்துப் படுத்து அந்த விரல் சோதனையைச் செய்து பாருங்கள். தொப்புளுக்கு மேலே ஒரு தடவை, தொப்புளில் ஒரு தடவை, கீழே ஒரு தடவை. தலையைத் தூக்கும்போது மூச்சைப் பிடிக்காதீர்கள். இரண்டு விரலுக்கு மேல் இறங்கினால் பிசியோதெரபிஸ்டிடம் போங்கள், பெண்களின் பிரசவத்துக்குப் பிந்தைய சிகிச்சை செய்பவரா என்று போனிலேயே கேட்டுவிட்டு. எத்தனை விரல் என்று இங்கே எழுதினால் நான் செய்த வரிசையைச் சொல்கிறேன்.