வெளியே போட்ட கொளுக்கி

கேள்வி: எனக்கு 40 வயது, திருகோணமலையில் வேலை. அம்மாவுக்கு 71. நாங்கள் 2006இல் யுத்தத்தால் சம்பூரை விட்டு ஓடியவர்கள். ஈச்சிலம்பற்று, வாகரை என்று நடந்து மட்டக்களப்புக்குப் போய், பிறகு கிளிவெட்டி முகாமில் பல வருடம் இருந்தோம். வாகரையில் தம்பி ஒரு இரவு முழுக்கத் தவறிப்போய் விடியத்தான் கிடைத்தான். இப்போது கனடாவிலிருந்து மாதாமாதம் காசு அனுப்புகிறான். இரண்டு வருடமாக அம்மாவுக்கு மறதி. இரவில் எழும்பி வந்து பிள்ளைகளின் கால்களைத் தடவி, “எல்லாரும் வந்திட்டீங்களா?” என்று கேட்கிறார். பிள்ளைகள் பயப்படுவதால் அவரது அறையை வெளியே கொளுக்கி போட்டுவிடுகிறோம். கொஞ்ச நேரம் தட்டிவிட்டு ஓய்ந்துவிடுவார். முதியோர் இல்லத்தில் விடலாம் என்கிறார் கணவர். யுத்தத்தால் அம்மாவின் மூளை கெட்டுவிட்டதா? இது என் பிள்ளைகளுக்கும் பரம்பரையாக வருமா?

பதில்: தங்கச்சி, மூளையைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்தக் கொளுக்கி. நுளம்புவலை கட்டுகிற மாதிரி அதை ஒரு வசனத்தில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். அடுத்தது அதைவிட மோசம்: “கொஞ்ச நேரம் தட்டிவிட்டு ஓய்ந்துவிடுவார்.” நித்திரை வந்து ஓய்கிறார் என்றா நினைக்கிறீர்கள்? தட்டித் தட்டி, யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தபின் ஓய்கிறார். உள்ளே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தாலும் விடியும்வரை உங்களுக்குத் தெரியவராது. வீட்டில் நெருப்புப் பிடித்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா?

அம்மா என்ன செய்கிறார் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் பிள்ளைகளை எண்ணுகிறார். ஒரு தலை குறைந்த இரவை வாகரையில் கண்ட தாய், இருட்டினால் கால்களைத் தொட்டுக் கணக்குப் பார்க்கிறார். கணக்கு முடியுமுன் அவரைப் பிடித்து அடைத்துவிடுகிறீர்கள்.

மூளையில் ஆபத்தைக் கண்டு மணியடிப்பதில் முன்னுக்கு நிற்பது அமிக்டலா என்ற பகுதி. ஒரு சம்பவம் எங்கே, எப்போது நடந்தது என்று குறித்து வைப்பதில் ஹிப்போகாம்பஸுக்குப் பெரிய பங்கு. அல்சைமர் மறதி நோயில் வெகு சீக்கிரம் அடிபடுவது இந்த ஹிப்போகாம்பஸ்தான். காலையில் சாப்பிட்டது மறந்துபோகும், பழசு நிற்கும். ‘அது அப்போது, இது இப்போது’ என்று பிரித்துக் காட்டுகிற பிடி தளர, பயம் மட்டும் மிஞ்சும். வருடக்கணக்காக அடக்கி வைத்திருந்த யுத்தப் பயம் மறதியோடு சேர்ந்து முதுமையில் மேலெழுவதை வைத்தியர்கள் நன்றாக அறிவார்கள். பொழுதுபட்டபின் குழப்பம் கூடுவதும் அப்படித்தான். அந்த நேரத்தில் கதவு திறக்காவிட்டால் அவர் என்ன நினைப்பார்? பிள்ளைகள் வெளியே, தான் மட்டும் உள்ளே.

இரண்டு வருடமாக மறதி என்கிறீர்கள். ஒரு கிளினிக் கொப்பியைப் பற்றிக்கூடக் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. உங்கள் பிள்ளைக்கு இரண்டு நாள் காய்ச்சல் என்றால் இப்படி இருப்பீர்களா? சிறுநீர்க் கிருமி, தைரொயிட் குறைபாடு, பி12 குறைவு என்று மாற்றக்கூடிய காரணங்களும் வயதானவர்களைக் குழப்பும். இது மறதி நோய்தானா என்பதை வைத்தியர்தான் சொல்லவேண்டும். இந்தக் கிழமையே திருகோணமலை பொது வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள், 2006இல் நடந்ததையும் சொல்லுங்கள். ஆலோசனை கேட்க தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கமும் இருக்கிறது. பார்மசியில் நீங்களாக நித்திரைக் குளிசை வாங்கிக் கொடுக்கவேண்டாம். இந்த வயதில் அது விழுத்திவிடும்.

நீங்கள் நடந்து அலைந்த அதே 2006இல், ஜேம்ஸ் கோன் என்ற அமெரிக்க உளவியலாளரின் ஆய்வு ஒன்று வெளிவந்தது. திருமணமான 16 பெண்களுக்கு மின்னதிர்ச்சி வரலாம் என்று சொல்லி மூளையை ஸ்கேன் செய்தார்கள். கணவனின் கையைப் பிடித்திருந்தபோது ஆபத்துக்குத் துடிக்கிற பகுதிகள் அடங்கின. அந்நியர் கையைப் பிடித்தபோது அவ்வளவு அடங்கவில்லை. உறவு நல்லதாக இருந்தவர்களுக்குப் பலன் கூடுதல். உங்கள் அம்மாவின் பக்கத்தில் எந்தக் கை இருக்கிறது?

பரம்பரையாக வருமா என்றால், கனடாவின் மொன்றியலில் மைக்கேல் மீனி என்ற விஞ்ஞானியின் குழுவினர் எலிகளில் பார்த்ததைச் சொல்கிறேன். தாய் நன்றாக நக்கி வளர்த்த குட்டிகள் பதற்றம் குறைந்து வளர்ந்தன. அப்படிச் செய்யாத தாயின் குட்டியை நல்ல தாயிடம் மாற்றிவிட்டபோது அதுவும் பதற்றம் குறைந்தே வளர்ந்தது. மனிதர் விடயம் இன்னும் சிக்கலானது. ஆனால் வயதான ஒருவர் தொந்தரவு என்றால் கதவைச் சாத்தலாம் என்பதை உங்கள் பிள்ளைகள் தினமும் இரவில் உங்களிடம்தான் படிக்கிறார்கள். நான் அஞ்சுவது அதற்குத்தான்.

பார்க்க ஆளே இல்லாத வீடுகள் உண்டு, அவர்கள் இல்லத்தை நாடுவதை நான் குறை சொல்லமாட்டேன். உங்கள் வீட்டில் ஆள் இருக்கிறது, காசும் வருகிறது. ஷெல்லடிக்குள் உங்களைக் கைவிடாமல் இழுத்துக்கொண்டு வந்தவரைப் பார்ப்பது உங்கள் கடன். அதை உங்கள் கணவருக்கும் சொல்லுங்கள்.

இன்றைக்கே கொளுக்கியைக் கழற்றுங்கள். வெளிவாசலைப் பூட்டி ஒரு மணி கட்டுங்கள். சின்ன விளக்கு ஒன்று எரியட்டும், அம்மாவுக்குப் பக்கத்தில் ஒருவர் பாய் போட்டுப் படுங்கள். அவர் கேட்டால் யுத்தம் முடிந்துவிட்டது என்று வாதாடாமல், கையைப் பிடித்து ஒவ்வொருவர் பேராகச் சொல்லி எண்ணுங்கள். அம்மம்மா ஏன் கால் தடவுகிறார் என்று பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள், அவர்களும் எண்ணட்டும். நீங்கள் வேலைக்குப் போகிறவர், தினமும் இரவில் முழித்திருக்க முடியாது. தம்பியின் காசில் இரவுக்கு ஒரு உதவியாளைப் பிடியுங்கள்.

தம்பி தினமும் இங்கே இரவு எட்டு மணிக்கு வீடியோவில் வந்து அம்மாவுக்கு முகத்தைக் காட்டவேண்டும். கனடாவில் அப்போது காலை, ஐந்து நிமிடம் போதும். மாதக் காசோடு தன் கடமை முடிந்தது என்று சொன்னானென்றால் இந்தப் பதிலை அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.