குடியை நிறுத்தினால்தான் மனநோய்க்கு மருத்துவமா?

கேள்வி: என் தம்பிக்கு 32 வயது. மனச்சிதைவு நோய்க்குச் சில ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறான். இப்போது தினமும் குடி. மனநல மருத்துவர் “முதலில் குடியை நிறுத்தட்டும்” என்கிறார்; குடி மறுவாழ்வு மையத்தில் “மனநோயாளியைச் சேர்ப்பதில்லை” என்கிறார்கள். ஆறு மாதம் அடைத்து வைக்கும் ஓர் இடத்தைத் தெரிந்தவர் சொன்னார். சேர்க்கலாமா? அதுவரை அவனுக்குத் தெரியாமல் குடியை நிறுத்தும் மாத்திரையைச் சோற்றில் கலந்து கொடுக்கலாமா?
– ஒரு சகோதரி, மன்னார்குடி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து கலக்காதீர்கள். அந்த மாத்திரை பெரும்பாலும் டைசல்ஃபிராம் என்ற மருந்து. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் வாந்தி, மூச்சுத்திணறல் வரும். ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். மனச்சிதைவு உள்ளவருக்கு நோயையும் கிளறிவிடும். யாரோ கலக்கிறார்கள் என்று ஏற்கெனவே சந்தேகப்படுகிறவருக்கு நாமே கலந்து கொடுத்தால், பிறகு எந்த மாத்திரையைத்தான் நம்பி வாங்குவார்?

இரண்டு நோயையும் ஒரே மருத்துவர் ஒரே சமயத்தில் பார்க்க வேண்டும். மனச்சிதைவில் காதில் கேட்கும் இல்லாத குரலை அடக்கவே குடிப்பவர்கள் உண்டு. குடித்தால் மாத்திரை விட்டுப்போகும், குரல் இன்னும் கூடும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதைப் பொருளால் வரும் மனப் பாதிப்பையும் மனநோய் என்றே வரையறுக்கிறது. திருப்பி அனுப்பினால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

அடைத்து வைப்பது வேண்டாம். ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் 2001இல் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் மாண்டார்கள்; இன்னுமா இப்படி ஓர் இடத்தைச் சிபாரிசு செய்கிறார்கள்! உங்கள் தம்பி சம்மதிக்காத நிலையில் குடும்பத்தார் கேட்டுச் சேர்ப்பதென்றாலும், பதிவுபெற்ற மையத்தில், மருத்துவர் பரிசோதித்த பிறகு, அதே சட்டப்படி முதலில் அதிகபட்சம் 30 நாள்தான்.

ஆனால் தினமும் குடிப்பவர் வீட்டில் திடீரென நிறுத்தவும் கூடாது. முதல் மூன்று நான்கு நாளில் வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். அந்த வாரம் மட்டும் மருத்துவமனையில் இருந்து தயமின் (வைட்டமின் பி1) ஊசியோடு நிறுத்தட்டும். பிறகு வீட்டிலிருந்தே பார்க்கலாம். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் வட்டார அரசு மருத்துவமனைகளுக்கு வருகிறார். எந்த நாள் என்று விசாரியுங்கள். தினமும் மாத்திரை என்பது போராட்டமாக இருந்தால், மனச்சிதைவுக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசி பற்றிக் கேளுங்கள். இடையில் சந்தேகம் வந்தால் 14416 என்ற அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

நிறுத்திய இரண்டாவது மாதத்தில் ஒருநாள் குடித்துவிட்டு வந்தால் போதையில் சண்டை வேண்டாம், காலையில் பேசுங்கள். “குடித்திருக்கிறான்” என்று மனச்சிதைவு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தூக்க மாத்திரை மட்டும் மதுவோடு சேரவே கூடாது. குடித்த நாளில் எதைக் கொடுப்பது, எதை விடுவது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.