ஆங்கர் சார்ட்: ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பினாங்குத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் சிலர் ஆங்கர் சார்ட் பற்றிக் கேட்டிருந்தார்கள். ஒரு பாடத்தின் முக்கியமான படிகளைப் பிள்ளைகளோடு சேர்ந்தே பெரிய தாளில் எழுதி, அவர்கள் வேலை செய்யும்போது நிமிர்ந்து பார்க்கிற இடத்தில் மாட்டுவதுதான் அது.

டீச்சர், ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அழகாக எழுதி, லேமினேட் செய்து மாட்டுகிறேன். பிள்ளைகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. (பிறை, ஆண்டு 4)

அந்தச் சார்ட்டில் அவர்களுடைய பேச்சு ஒரு வரிகூட இல்லையே, அம்மா. ஞாயிற்றுக்கிழமை தலைப்பை மட்டும் எழுதி வையுங்கள். மீதியை வகுப்பில் எழுதலாம்.

வலிமிகும் இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 'அந்தப் பையன், இந்தக் கடை, எந்தத் தெரு' என்று எழுதி, நடுவில் என்ன வந்திருக்கிறது என்று கேளுங்கள். பக்கத்திலேயே 'அது பறந்தது, இது கடை, எது பெரியது' என்று எழுதுங்கள். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒரு பிள்ளை, "அந்த, இந்த, எந்த வந்தா கூடவே ஒரு புள்ளி எழுத்து வரும் டீச்சர்" என்று சொல்லும். அதை அப்படியே சார்ட்டில் எழுதுங்கள். அப்புறம் 'அந்த மரம்' என்று எழுதிக் காட்டுங்கள். வகுப்பு குழம்பும், குழம்பட்டும். க, ச, த, ப-வில் தொடங்கும் சொல் வந்தால் மட்டும்தான் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். அந்த வரியை வேறு நிறத்தில், முதல் வரிக்குக் கீழேயே சேருங்கள். அடுத்த வாரம் கட்டுரை எழுதும்போது கண் தானாக அங்கே போகும், ஏனென்றால் அந்த வரி எப்படி வந்தது என்று அவர்களுக்குத் தெரியும்.

எந்தத் தாள், எந்த மார்க்கர்? (பட்டர்வொர்த்)

மாஜோங் தாள் என்கிற பெரிய வெள்ளைத் தாளே போதும். மெல்லிய தாள் என்பதால் மை கீழே இறங்கும். அடியில் பழைய நாளிதழை வையுங்கள். எழுத்துக்குக் கறுப்பு, கருநீலம். மஞ்சளும் ஆரஞ்சும் பின்வரிசைக்குத் தெரியாது, அவற்றை அடிக்கோட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தமிழுக்கென்று தனியாக ஒரு கவனம் வேண்டும்: மார்க்கரின் முனை தடிமனாக இருந்து எழுத்து சிறியதாகிவிட்டால் ண, ணை போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். புள்ளியோ தூரத்தில் காணாமல் போகும். எழுத்தையும் புள்ளியையும் நன்றாகப் பெரிதாகவே போடுங்கள். எழுதி முடித்ததும் கடைசி மேசையில் உட்கார்ந்து நீங்களே வாசித்துப் பாருங்கள்.

தலைமையாசிரியர், "அடித்தல் திருத்தலோடு மாட்டினால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்கிறார். (ஜார்ஜ்டவுன்)

அவர் கவலையும் நியாயம்தான். நடைபாதைப் பலகையில் அழகான காட்சிப் படைப்புகளை வையுங்கள். வகுப்புக்குள் இருக்கும் சார்ட்டில் திருத்தம் தெரிவதை விட்டுக்கொடுக்காதீர்கள். ஒருநாள் அவரையே பாடத்துக்கு அழைத்து, பிள்ளைகள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

என் ஆண்டு 1 பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வாசிக்கவே வராது. (புக்கிட் மெர்தாஜாம்)

சரி, படம் போடுங்கள். ல, ள, ழ சார்ட்டுக்குப் பக்கவாட்டு முகம் மூன்று வரைந்து, உள்ளே நாக்கை மட்டும் சிவப்பில் காட்டுங்கள். ல: நுனி மேல்பல்லின் பின்புறத்தைத் தொடும். ள: பின்னால் வளைந்து அண்ணத்தைத் தொடும். ழ: வளையும், ஆனால் தொடாது. கீழே பல், பள்ளி, பழம். முதலில் எல்லாரும் சொல்லிப் பார்த்து, நாக்கு எங்கே போனது என்று அவர்கள் சொன்ன பிறகு வரையுங்கள்.

சார்ட்டைப் பார்த்து எழுதினால் காப்பியடிப்பது ஆகாதா?

ஆகாது. பயிற்சியின்போது பார்க்கத்தானே மாட்டியிருக்கிறோம். 2021-இல் ஆண்டு 6 பிள்ளைகள் எழுதிவந்த யூபிஎஸ்ஆர் அரசுத் தேர்வு நிறுத்தப்பட்ட பிறகு வகுப்பறை மதிப்பீட்டின் கனம் கூடிவிட்டது. இந்தச் சார்ட் அதற்கும் உதவும்: யார் இன்னும் ஒவ்வொரு வரிக்கும் நிமிர்கிறார்கள், யார் பார்க்காமலே எழுதுகிறார்கள் என்று கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்துத் தேர்வு வைக்கும் நாளில் நாளிதழால் மூடிவிடுங்கள்.

எத்தனை மாட்டலாம்?

இப்போது நடக்கும் பாடத்துக்கு வேண்டியவை மட்டும். முடிந்ததைக் கழற்றுங்கள், ஆனால் எறிய வேண்டாம். துணி ஹெங்கரில் கிளிப் போட்டு ஒரு மூலையில் தொங்கவிட்டால் வேண்டுகிற பிள்ளை போய்ப் புரட்டிக்கொள்ளும்.

மழைக்காலத்தில் டேப் நிற்பதில்லை. காற்றாடி போட்டால் எல்லாம் விழுகிறது.

ஈரச் சுவரோடு போராடாதீர்கள். இரண்டு சன்னல் கம்பிகளுக்கு நடுவே ரஃபியா கயிறு கட்டி, துணி கிளிப்பால் மாட்டுங்கள். தாளின் அடியில் ஒரு மரக்குச்சியை ஒட்டினால் காற்றுக்கு ஆடாது. கயிற்றை உங்கள் உயரத்துக்கு இல்லாமல், உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் பார்வைக்கு ஏற்றபடி தாழ்த்திக் கட்டுங்கள்.