சப்பாத்தி மாவு மாதிரி பிசையாதீங்க: டென்னசி சிக்கன் டம்ப்ளிங்ஸ், ஒரு தங்கச்சிக்கு

தங்கச்சி, அமெரிக்காவில டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில்லுக்கு வந்து நாலு மாசம்தான் ஆச்சுன்னு எழுதியிருக்கீங்க. பையனுக்குக் காய்ச்சல் வந்தப்போ பக்கத்து வீட்டு அம்மா ஒரு பாத்திரம் நிறைய சிக்கன் டம்ப்ளிங்ஸ், அதாவது கெட்டியான கோழி சூப்பில மாவு போட்டு வேகவச்ச பண்டம், கொடுத்தாங்க. ரெண்டு நாளா எதையும் தொடாத பிள்ளை அதை வழிச்சுச் சாப்பிட்டுட்டு, இப்போ அதையே கேட்கிறான். மைதா, சமையல் சோடா, பால் எல்லாம் போட்டு நீங்களே செஞ்சு பார்த்தீங்க. சூப்பில பால் திரிஞ்சுபோச்சு, மாவு உருண்டை பாதி கரைஞ்சு பாதி ரப்பரா நின்னுச்சு, சோப்பு வாசமும் அடிச்சுது. எங்கே தப்பு, அவங்க பாத்திரத்தை எப்படித் திருப்பிக் கொடுக்கிறது, இந்த ரெண்டும்தானே உங்க கேள்வி? ரெண்டுக்கும் சொல்றேன்.

இந்தச் சாப்பாடு எனக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. 19 வருஷத்துக்கு முன்னாடி, மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரம். ஊரிலிருந்து அம்மாவால வர முடியலை. பத்தியச் சாப்பாடு வைக்க ஆளில்லாம, ரொட்டியும் பாலுமா ஓட்டிக்கிட்டிருந்தோம். அப்போ எங்க தெருக்காரங்க நாலு பேர் தங்களுக்குள்ள முறை வச்சு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பாடு கொண்டுவந்தாங்க. முதல் நாள் வந்தது இதுதான். பிள்ளை பெத்த வீடு, துக்க வீடு, காய்ச்சக்கார வீடு, புதுசா குடிவந்த வீடு, எல்லாத்துக்கும் இந்தப் பக்கத்தில மூடிபோட்ட பாத்திரம் ஒண்ணு வரும். நம்ம ஊர்ல ரசமும் பருப்புத் துவையலும் போற இடத்துக்கெல்லாம் இங்கே இது போகுது. அதனால இதை ஒழுங்கா கத்துக்கங்கன்னுதான் சொல்வேன்.

முதல்ல சோப்பு வாசம். நம்ம சமையல் சோடா வேற, இங்கே கேக்குக்குப் போடுற பேக்கிங் பவுடர் வேற. சோடாவுக்குப் புளிப்பு ஏதாவது துணைக்கு வேணும். மோரோ எலுமிச்சையோ இல்லாம வெறும் பாலில போட்டா அது முழுசா வேலை செய்யாம மாவிலயே தங்கிடும், அந்தக் காரல்தான் உங்களுக்கு அடிச்சது. பேக்கிங் பவுடர்ல அந்தப் புளிப்பு ஏற்கனவே கலந்திருக்கு. ஈரம் பட்டதும் ஒரு தடவை பொங்கும், சூடு ஏறினதும் இன்னொரு தடவை பொங்கும்.

ரப்பர் ஆனதுக்குக் காரணம் பிசைஞ்சது. நம்ம கை மாவைக் கண்டா பிசையத்தான் போகும். ஆனா மைதாவை ஈரத்தோட அழுத்திப் பிசையப் பிசைய அதுக்குள்ள இழுவை ஏறும். சப்பாத்திக்கும் பரோட்டாவுக்கும் அந்த இழுவை வேணும், இதுக்கு ஆகாது. உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாம போனதும் கையை எடுத்துடணும். அங்கங்கே கட்டி இருந்தா இருக்கட்டும். பாதி கரைஞ்சது எதனாலன்னு கேட்டா, சூப் தளதளன்னு கொதிச்சிருக்கும், நீங்களும் மூடியைத் திறந்து திறந்து பார்த்திருப்பீங்க. இட்லி வேகும்போது சட்டியைத் திறப்போமா? இதுவும் பாதி ஆவியில வேகுற பண்டம்தான்.

பால் திரிஞ்சது கொழுப்பு குறைவா இருந்ததால. கொழுப்பெடுத்த பாலை ஊத்திக் கொதிக்க விட்டா அப்படித்தான் ஆகும். பால் அடுக்கிலயே ஹாஃப் அண்ட் ஹாஃப்னு ஒரு டப்பா இருக்கும், பாலும் கிரீமும் சரிபாதி. அதை வாங்குங்க, இல்லேன்னா ஹெவி கிரீம். எதை வாங்கினாலும் சூப் கெட்டியான பிறகு, அடுப்பைக் குறைச்சுட்டு ஊத்தணும்.

இனி செய்முறை. இதில முக்கால் பங்கு வேலை கோழிச்சாறுதான். நெஞ்சுக்கறி மட்டும் வாங்காதீங்க. எலும்போட, தோலோட தொடையும் காலுமா 3 பவுண்டு வாங்குங்க. நம்ம வீடுகள்ல தோலை உரிச்சுட்டுத்தான் சமைப்போம், இங்கே அந்தத் தோலோட கொழுப்புதான் சாறுக்கு ருசி. 8 கப் தண்ணி (இங்கே ஒரு கப்னா 240 மில்லி), பாதி வெங்காயம், ஒரு கேரட், ஒரு செலரித் தண்டு, முழு மிளகு ஒரு டீஸ்பூன், ரெண்டு பே இலை. இந்தப் பே இலை இங்கத்த கடையில விக்கிறதா இருக்கணும். இந்தியன் கடையில கிடைக்கிற பிரியாணி இலை வேற மரம். நீளவாக்கில மூணு நரம்பு ஓடும், பட்டை வாசம் வரும், இந்தச் சாறோட ஒட்டாது. செலரி வாசம் முதல்ல உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும், அதுக்காக விட்டுடாதீங்க.

ஒரு கொதி வந்ததும் நுரையை எடுத்துட்டு, அடுப்பைக் குறைச்சு 45 நிமிஷம் விடுங்க. கறி உள்ளே 165 ஃபாரன்ஹீட் எட்டணும், இங்கே உணவுத்துறை சொல்ற கணக்கு அது. தொடைக்கறி அதையும் தாண்டி வெந்தாத்தான் எலும்பை விட்டுக் கழண்டு வரும். கறியைப் பிச்சு எடுத்துட்டு எலும்பைத் திரும்பப் பானையில போட்டு இன்னும் அரை மணி நேரம் விடுங்க. அவசரக்காரங்க இதைத் தாண்டிப் போயிடுவாங்க, நீங்க தாண்டாதீங்க. அப்புறம் வடிகட்டி வச்சுக்கங்க.

அகலமான கனமான பாத்திரத்தில 4 டேபிள்ஸ்பூன் வெண்ணெய். வெங்காயம், ரெண்டு கேரட், ரெண்டு செலரி பொடியா நறுக்கி, நிறம் மாறாம வதக்குங்க. அதோட மூணில ஒரு கப் மைதா தூவி, பச்சை வாசம் போக ரெண்டு நிமிஷம் கிளறுங்க. வடிகட்டின சாறில 6 கப்பைக் கொஞ்சங் கொஞ்சமா ஊத்திக் கலக்குங்க, மொத்தமா கொட்டினா கட்டி தட்டும். மிச்சச் சாறை எடுத்து வையுங்க. தைம் தழை நாலு கொத்து, உப்பு. கெட்டியானதும் அடுப்பைக் குறைச்சுட்டு, பிச்ச கறி, அரை கப் ஹாஃப் அண்ட் ஹாஃப். மிளகை மட்டும் ரசத்துக்கு இடிக்கிற மாதிரி இடிச்சு, தாராளமா போடுங்க.

மாவுக்கு வருவோம். நாக்ஸ்வில்ல இருக்கிறவங்களுக்கு இதில ஒரு கொடுப்பினை இருக்கு. ஒயிட் லில்லிங்கிற மாவு 1883-ல உங்க ஊர்லதான் ஆரம்பிச்சது. இப்போ ஆலை அங்கே இல்லை, ஆனா இந்தப் பக்கத்துப் பாட்டிமார் இன்னும் அந்தப் பையைத்தான் தேடி எடுப்பாங்க. மென்மையான குளிர்காலக் கோதுமை, புரதம் குறைவு, அதனால இழுவையும் குறைவு. அதில செல்ஃப் ரைசிங்னு போட்டிருக்கிறதை எடுங்க. பேக்கிங் பவுடரும் உப்பும் கலந்தே வரும், நீங்க சோடாவைத் தொடவே வேண்டாம். 2 கப் மாவில 4 டேபிள்ஸ்பூன் குளிர்ந்த வெண்ணெயை, புட்டுக்கு மாவு பிசிறுற மாதிரி விரல் நுனியால பிசிறுங்க. முக்கால் கப் பட்டர்மில்க் ஊத்தி, கரண்டியால பத்துப் பன்னிரண்டு சுத்து. உளுந்து வடை மாவுப் பதம் வரணும், இறுக்கமா இருந்தா இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. இங்கத்த பட்டர்மில்க் நம்ம நீர்மோர் இல்லை, கெட்டியா புளிப்பா இருக்கும். கிடைக்கலேன்னா வீட்டுத் தயிரைக் கொஞ்சம் தண்ணி விட்டு அடிச்சு ஊத்தலாம், நான் பல தடவை அப்படிச் செஞ்சிருக்கேன்.

சூப் அங்கங்கே ஒரு குமிழி விடுற அளவுக்கு அடுப்பு இருக்கணும். கரண்டியைச் சூடான சூப்பில நனைச்சு, எலுமிச்சம்பழத்துக்கும் சின்ன அளவா மாவை எடுத்துக் கறி மேலே இடைவெளி விட்டு வையுங்க. வெந்தா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு உப்பும். மூடுங்க. 15 நிமிஷம் கை வைக்காதீங்க. அப்புறம் ஒண்ணைப் பிளந்து பாருங்க, நடுவில ஈரமாவு இல்லாம பஞ்சா இருந்தா இறக்கிடலாம்.

உங்க பக்கத்து வீட்டு அம்மா கொடுத்தது உருண்டையா இருந்ததா, பட்டையா இருந்ததான்னு நீங்க எழுதலை. இந்த ஊர்ல ரெண்டும் உண்டு. பட்டை வகையில மாவை மெல்லிசா தேய்ச்சு, ரிப்பன் மாதிரி வெட்டிச் சாறில போடுவாங்க. அது உப்பாது, வழுக்கிக்கிட்டு மெத்துன்னு இருக்கும். மேலே தூவின மாவே கரைஞ்சு சாறைக் கெட்டியாக்கிடும், நம்ம பால் கொழுக்கட்டையில பால் கெட்டியாகுற அதே வழி. எது நிஜமான டம்ப்ளிங்ங்கிறதுக்கு இங்கே குடும்பத்துக்குக் குடும்பம் வாதம் நடக்கும். எனக்குப் பட்டைதான் பிடிக்கும், ஆனா புதுசா செய்றவங்களுக்கு உருண்டைதான் சுலபம்.

மசாலா சேர்க்கலாமான்னு கடைசியில கேட்டிருந்தீங்க. முதல் ரெண்டு தடவை வேண்டாம். பிள்ளை கேட்கிறது அவங்க வீட்டு ருசியை. காய்ச்சல் வாய்க்கு அந்தச் சப்புன்னு இருக்கிற வெண்ணெய் வாசம்தான் இறங்கியிருக்கு. பதம் கைக்கு வந்த பிறகு, பெரியவங்களுக்கு இஞ்சியும் ஒரு பச்சை மிளகாயும் கீறிப் போடுங்க, அருமையா இருக்கும். கரம் மசாலா மட்டும் எப்பவும் வேண்டாம், கோழிச்சாறோட மணத்தை அது அமுக்கிடும்.

மிச்சத்தை ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃபிரிட்ஜில வையுங்க. மறுநாள் மாவு சாறையெல்லாம் குடிச்சிருக்கும், எடுத்து வச்ச சாறை ஊத்திச் சூடு பண்ணுங்க.

பாத்திரம். அடியில அவங்க பேர் எழுதி ஒட்டியிருக்கான்னு பாருங்க, நிறைய பேர் ஒட்டியிருப்பாங்க, அந்தச் சீட்டை உரிச்சுடாதீங்க. வெறுமனே கழுவிக் கொடுத்தா இங்கே யாரும் தப்பா எடுக்கிறதில்லை, ஒரு நன்றி அட்டை போதும். ஆனா வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தர நம்ம மனசு ஒப்பாது, எனக்கும் ஒப்பலை. ஏதாவது வச்சுக் கொடுக்கிறதுன்னா, முந்திரி, வேர்க்கடலை ஒவ்வாமை யாருக்காவது இருக்கான்னு முன்னாடியே கேட்டுக்கங்க. காரம் குறைச்ச முறுக்கு நல்லது, நாலு நாள் வச்சுத் தின்னலாம். கொடுக்கும்போது, அடுத்த தடவை நீங்க இதைச் செய்றப்போ நான் வந்து பக்கத்தில நின்னு பார்க்கலாமான்னு கேளுங்க. எனக்குப் பட்டை தேய்க்கக் கத்துக்கொடுத்த அம்மா, நான் கேட்ட அந்த சனிக்கிழமையே மாவுப் பையைத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க.