பில் போட்டு வாங்கிய விண்டோஸ், போலி என்கிறது கம்ப்யூட்டர். நான் குற்றவாளியா?

கேள்வி: சிறிய ஊர் ஒன்றில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நானும் உதவிக்கு ஒரு பெண்ணும்தான். 14 மாதங்களுக்கு முன் பக்கத்து டவுனில் இரண்டு அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கினேன். ஜிஎஸ்டி பில்லில் ‘விண்டோஸ் 11 ப்ரோ, ஆபீஸ்’ என்று தனி வரி போட்டு 13,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். போன மாதத்திலிருந்து விண்டோஸ் ஆக்டிவேட் ஆகவில்லை என்றும், ஆபீஸ் அசல் அல்ல என்றும் திரையில் வருகிறது. கடைக்காரரிடம் கேட்டேன். “மேடம், அப்டேட்டை ஆஃப் பண்ணிடுங்க, ஆக்டிவேட்டர் அனுப்பறேன், டபுள் கிளிக் பண்ணினா போயிடும்” என்று வாட்ஸ்அப்பில் எழுதி, ஒரு ஃபைலும் அனுப்பினார். அதை நான் இன்னும் திறக்கவில்லை. போலீஸ் வந்து கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று என் கொழுந்தனார் பயமுறுத்துகிறார். நான் தப்பு செய்தவளா? என் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: முதலில் அந்த ஃபைலைத் திறக்காதீர்கள். ஆனால் அழித்துவிடவும் வேண்டாம். இந்த விவகாரத்தில் உங்கள் கையில் இருக்கும் மிக நல்ல சாட்சியம் அதுதான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

உங்கள் முதல் கேள்விக்கு 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் பதில் இருக்கிறது. அதன் 63பி பிரிவு, திருட்டு மென்பொருளைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்துகிறவரைப் பற்றியது. குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 வருடம் சிறை. 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபாரத்துக்கோ லாபத்துக்கோ பயன்படுத்தாதவராக இருந்தால், சிறை இல்லாமல் அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நீங்கள் கடை நடத்துவதால் அந்தச் சலுகையை நம்பி இருக்க முடியாது. பயப்பட வேண்டாம், முக்கியமான விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன். அந்தப் பிரிவில் ‘தெரிந்தே’ என்ற வார்த்தை இருக்கிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால்தான் குற்றம். ஜிஎஸ்டி பில் வாங்கி, மென்பொருளுக்கென்று தனியாக 13,000 ரூபாய் கொடுத்தவர், போன மாதம் வரை ‘தெரிந்தே’ பயன்படுத்தினார் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் இன்றைக்கும் அப்படிச் சொல்ல முடியுமா? திரையில் எச்சரிக்கை வந்துவிட்டது. நீங்கள் கடைக்காரரிடம் கேட்டுவிட்டீர்கள். அவர் கிட்டத்தட்ட ஒப்புக்கொண்டும்விட்டார். இதற்குப் பிறகு ஆக்டிவேட்டரைப் போட்டு ஓட்டினால், ஏமாற்றப்பட்டவர் என்ற இடத்திலிருந்து நீங்களே நடந்து எதிர்த்தரப்புக்குப் போய் நிற்பதாக ஆகும். அந்த டபுள் கிளிக்கைச் செய்தது நீங்கள்தான் என்பதை மறுக்கவும் முடியாது. இந்த வகை வழக்குகளில் நிறையப் பேர் மாட்டிக்கொள்வது வாங்கிய நாளில் நடந்ததால் அல்ல. எச்சரிக்கை வந்த பிறகு அவர்கள் செய்ததால்தான்.

எச்சரிக்கை வந்தாலே போலி என்று முடிவு கட்டவும் கூடாது. பழுதான மதர்போர்டை மாற்றினால்கூட அசல் விண்டோஸ் முரண்டு பிடிக்கும். விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் மூன்று வழியில் வருகிறது. ரீடெயில் என்பது தனியாக விலை கொடுத்து வாங்குவது. ஓஇஎம் என்பது கம்ப்யூட்டரோடு ஒட்டி வருவது. முதலில் ஏற்றிய கம்ப்யூட்டரை விட்டு அது நகராது. வால்யூம் என்பது பெரிய கம்பெனிகளும் கல்லூரிகளும் மொத்தமாக வாங்குவது. கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து எஸ்எல்எம்ஜிஆர், ஓர் இடைவெளி, சாய்கோடு, டிஎல்ஐ என்று ஆங்கில எழுத்துகளில் அடித்தால் ஒரு சிறு பெட்டி வரும். உங்களுடையது எந்த வகை, கீயின் (உரிமத்தை இயக்கும் எழுத்துத் தொடரின்) கடைசி ஐந்து எழுத்துகள் என்ன என்று அதில் இருக்கும். இரண்டு பேர் வேலை செய்யும் டிடிபி கடையில் ‘வால்யூம் கேஎம்எஸ்’ என்று வந்தால், அது உங்களுக்கு உரிய உரிமம் அல்ல என்பதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கேஎம்எஸ் என்பது கம்பெனியின் சொந்த சர்வர் வழியாக ஆக்டிவேட் செய்யும் முறை. அதில் உரிமம் 180 நாள்தான் செல்லும். அதற்குள் கம்பெனியின் சர்வரைத் தொட்டுப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ஆக்டிவேட்டர் என்று கடைக்காரர் அனுப்புகிற சமாச்சாரம் பெரும்பாலும் உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பொய் சர்வரை உட்கார வைக்கும் வேலையைச் செய்கிறது. அதைப் போடுவதற்கு ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். வாடிக்கையாளர்களின் ஆதார் நகலும் பத்திர நகலும் இருக்கிற கம்ப்யூட்டரில் இந்த விளையாட்டு வேண்டாம்.

அந்தப் பெட்டியையும் எச்சரிக்கையையும் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்குச் சம்பந்தமில்லாத ஒரு டெக்னீஷியனை அழைத்துப் பார்க்கச் சொல்லி, அவருடைய லெட்டர்பேடில் இரண்டு வரி எழுதி வாங்குங்கள். பிறகு கொஞ்சம் செலவு பிடிக்கும் ஒரு யோசனை சொல்கிறேன்: இரண்டு கம்ப்யூட்டரிலிருந்தும் இப்போதுள்ள எஸ்எஸ்டியை (விண்டோஸும் ஃபைல்களும் பதிந்திருக்கும் டிஸ்க்கை) கழற்றி, உறையில் போட்டு, தேதி எழுதி எடுத்து வையுங்கள். புது எஸ்எஸ்டி போட்டு, முறையான உரிமம் வாங்கி ஏற்றி வேலையைத் தொடருங்கள். பழையதன் மேலேயே புதிதாக ஏற்றினால் சாட்சியம் அழிந்துபோகும். புது உரிமம் வாங்கிய பில் உங்கள் நல்லெண்ணத்துக்குச் சாட்சி. கடைக்காரரிடம் கேட்கப்போகும் நஷ்ட ஈட்டுக்கும் அதுவே கணக்கு.

இப்போது அந்த வாட்ஸ்அப் விஷயம். விற்றது அசல்தான் என்றால் கடைக்காரர் கீயைக் காட்டியிருப்பார், கம்பெனியில் பேசியிருப்பார். அவர் அப்டேட்டை அணைக்கச் சொல்லி ஆக்டிவேட்டர் அனுப்புகிறார் என்றால், தான் என்ன விற்றோம் என்று அவருக்குத் தெரியும் என்றுதானே பொருள்? அந்த உரையாடல் இருக்கிற போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை அச்செடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது. போன், கம்ப்யூட்டர் பதிவுகளைச் சாட்சியமாகத் தாக்கல் செய்யத் தேவைப்பட்ட, பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு இருக்கிறது. அதன்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். உங்கள் வக்கீல் தயார் செய்துகொடுப்பார்.

பணத்துக்கு வருவோம். உங்களுக்கு ஏற்ற இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடைக்காரர் தரப்பு அங்கே முதலில் எடுக்கப்போகும் ஆட்சேபம் எனக்கு இப்போதே தெரியும்: “இவர் வியாபாரத்துக்கு வாங்கினார், ஆகவே நுகர்வோரே அல்ல.” 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபார நோக்கத்தை விலக்குகிறது என்பது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கி, தானே பயன்படுத்துகிறவரை அந்த விலக்கில் சேர்க்கவில்லை. இதில் வழிகாட்டும் தீர்ப்பு 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம்ம கோயம்புத்தூர் பிஎஸ்ஜி இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் இயந்திரம் வாங்கிய ஒரு நிறுவனம் தொடர்ந்த வழக்கு அது. பெரிய அளவில் தொழில் செய்தவர் என்பதால் வாங்கியவர் அந்த வழக்கில் தோற்றார். ஆனால் நமக்கு வேண்டியது அதில்தான் இருக்கிறது. தானே ஆட்டோ ஓட்டிப் பிழைக்கிறவர், தானே லேத் ஓட்டுகிறவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஒருவர் இருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது என்று நீதிமன்றம் விளக்கியது. டைப்ரைட்டர் வாங்கிப் பிறருக்கு டைப் அடித்துக் கொடுப்பவரைப் பற்றிக்கூட அந்தத் தீர்ப்பு பேசுகிறது. உங்கள் கடைக்கு இதைவிடப் பொருத்தமான தீர்ப்பைத் தேட வேண்டியதில்லை. மனுவின் இரண்டாவது பத்தியிலேயே ‘இது என் சுயதொழில், ஒரு உதவியாளர்தான், இதுதான் என் ஜீவனம்’ என்று எழுதிவிடுங்கள். இதை எழுத மறந்த மனுக்கள் வாசலிலேயே திரும்பிவிடும்.

மென்பொருளைப் ‘பொருள்’ என்று சொல்ல முடியுமா என்றும் சிலர் இழுப்பார்கள். கடையில் விற்கும் மென்பொருள் சரக்குதான் என்று 2004இல் டாடா கன்சல்டன்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது; அது விற்பனை வரி வழக்கு என்றாலும் இங்கே நன்றாகவே கைகொடுக்கும். அசல் என்று பொய் சொல்லி விற்பதைப் போலிப் பொருள் என்று நுகர்வோர் சட்டமே வரையறுத்திருக்கிறது. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, விற்கும் உரிமை தனக்கு உண்டு என்று விற்பவர் உத்தரவாதம் தந்ததாகவே அர்த்தம். பில்லின் அடியில் ‘மென்பொருளுக்கு வாரண்டி இல்லை’ என்று பொடி எழுத்தில் இருக்கலாம். வாரண்டி என்பது பழுதுக்கு. தனக்கு உரிமையில்லாததை விற்றதற்கு அது கேடயமாகாது என்று வாதிடலாம்.

முதலில் ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். 13,000 ரூபாய், புது உரிமத்துக்கும் எஸ்எஸ்டிக்கும் ஆன செலவு, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை ஆகியவற்றைக் கேளுங்கள். பத்து லட்சம் என்றெல்லாம் எழுதச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம், ஆணையம் எரிச்சல்படும். பெரும்பாலான கடைக்காரர்கள் நோட்டீஸ் வந்ததும் போன் செய்வார்கள். வரவில்லை என்றால் மனு போடலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. காலக்கெடு இரண்டு வருடம். எச்சரிக்கை வந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதாட இடமிருக்கிறது, ஆனாலும் வாங்கிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். உங்களுக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து வைப்பதும் நல்லது.

நோட்டீஸ் அனுப்புவதற்கு முன் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கம்ப்யூட்டரில் போட்டோஷாப் இருக்கிறதா? பேஜ்மேக்கர்? தமிழ் எழுத்துருத் தொகுப்புகள்? அவற்றுக்கெல்லாம் பில் இருக்கிறதா? நம் ஊர் டிடிபி கடைகளின் நிலவரம் எனக்குத் தெரியும் என்பதால்தான் கேட்கிறேன். நீங்கள் போலி விண்டோஸ் என்று மனு போட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கப்போகும் முதல் குறுக்குக் கேள்வி இதுதான். பேஜ்மேக்கர் இப்போது விற்பனையிலேயே இல்லையே என்று சொல்லாதீர்கள்; விற்பதை நிறுத்தினால் பதிப்புரிமை போய்விடாது. புது எஸ்எஸ்டி போடும்போது உரிமம் இல்லாத எதையும் அதில் ஏற்றாதீர்கள். ஆபீஸுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ், போட்டோஷாப்புக்குப் பதில் ஜிம்ப், பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ் என்று காசில்லாமல் சட்டப்படி கிடைப்பவை இருக்கின்றன. பழகக் கொஞ்ச நாள் ஆகும், அவ்வளவுதான்.

கொழுந்தனார் சொன்னது முழுக்க வெறும் பயமுறுத்தல் அல்ல. பதிப்புரிமைச் சட்டத்தின் 64ஆம் பிரிவுப்படி சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வாரண்ட் இல்லாமல் திருட்டுப் பிரதிகளைக் கைப்பற்றலாம். பதிப்புரிமையைத் தெரிந்தே மீறுவது பற்றிய அதே சட்டத்தின் 63ஆம் பிரிவுக் குற்றம், ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத வகை என்றும் 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 63பிக்கும் உச்ச தண்டனை அதேதான் என்பதால் அதே வாதம் அதற்கும் வரும். ஆனால் நடைமுறையில் இதெல்லாம் திரும்ப வேண்டியது திருட்டுப் பிரதியை ஏற்றி விற்கிறவர் பக்கம். பில், வாட்ஸ்அப், கழற்றி வைத்த எஸ்எஸ்டி, புது உரிமம் ஆகிய நான்கும் உங்களிடம் இருந்தால் உங்களைத் தேடி வர யாருக்கும் காரணம் இருக்காது.

கடைக்காரர் மேல் போலீஸில் புகார் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு, மோசடி. ஆனால் வழக்குப் பதிவானால் உங்கள் கம்ப்யூட்டர் வழக்குச் சொத்தாக ஸ்டேஷனுக்குப் போகவும் வாய்ப்புண்டு. அது எப்போது திரும்பி வரும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். 13,000 ரூபாய்க்கு நுகர்வோர் ஆணையம் போதும். அந்தக் கடையில் உங்களைப் போல இன்னும் பலர் வாங்கி ஏமாந்திருப்பது தெரியவந்தால், அவர்களையும் சேர்த்துக்கொண்டு எழுதுங்கள். அப்போது வேறு மாதிரி யோசிப்போம்.