இரைப்பையை எடுத்த பிறகு எதை எதோடு இணைப்பார்கள்?

கேள்வி: அப்பாவுக்கு இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய். லேப்ராஸ்கோப்பியில் (வயிற்றில் சிறு துளைகள் வழியே செய்யும் அறுவை) அந்தப் பகுதியை மட்டும் எடுக்கப்போகிறார்கள். 'பில்ராத் 1', 'ரூ-என்-ஒய்' இரண்டில் எந்த இணைப்பு நல்லது?

பதில்: நோய் திரும்புமா என்பதை இணைப்பு முறை தீர்மானிப்பதில்லை. நோயின் நிலையும், கட்டியையும் நிணநீர்க் கணுக்களையும் எவ்வளவு முழுமையாக எடுக்கிறார்கள் என்பதும்தான் முக்கியம். ஆனால் பிறகு சாப்பிடுவது எப்படியிருக்கும் என்பதில் இணைப்புக்குப் பங்குண்டு.

பில்ராத் 1-இல் மீதி இரைப்பையை நேராக முன்சிறுகுடலோடு சேர்ப்பார்கள். ஒரே இணைப்பு, உணவு பழைய வழியிலேயே போகும். பின்னாளில் பித்தக்குழாயில் கல் வந்தாலும் எண்டோஸ்கோப்பை எளிதாக அங்கே கொண்டுபோகலாம். லேப்ராஸ்கோப்பியில் 'டெல்டா' முறை பிரபலம்: இரண்டின் பின்சுவரிலும் சிறு துளையிட்டு, நேர்கோட்டு ஸ்டேப்லரின் (சிறு உலோகப் பின்களால் தைக்கும் கருவி) தாடைகளை உள்ளே விட்டு இணைத்து, நுழைந்த துளையையும் ஸ்டேப்லராலேயே மூடுவார்கள். மீதி இரைப்பை சிறியதாக இருந்தால் இதற்கு முயலவே கூடாது. இழுத்துப் பிடித்துச் சேர்த்த இணைப்பில் ரத்த ஓட்டம் குறையும், கசியும். பித்தநீர் இரைப்பைக்குள் ஏறுவது இதன் இன்னொரு குறை.

ரூ-என்-ஒய் அந்தப் பித்தநீர்த் தொல்லையைக் குறைக்கும். சிறுகுடலை வெட்டிக் கீழ்முனையை இரைப்பையோடு சேர்த்து, மேல்முனையை அந்த இணைப்புக்குச் சுமார் 30 செ.மீ. கீழே இணைப்பார்கள். இணைப்புகள் இரண்டு. இரைப்பையிலிருந்து பிரித்து மூடிவிட்ட முன்சிறுகுடல் முனை கசிந்தால் ஆபத்து அதிகம். மேலே கொண்டுவந்த குடலுக்குப் பின்னால் உண்டாகும் இடைவெளியில் குடல் சிக்கிக்கொள்ளலாம். லேப்ராஸ்கோப்பியில் உள்ளே உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது குறைவு என்பதால் இந்த அபாயம் கூடும். அந்த இடைவெளியைக் கரையாத நூலால் தைப்பீர்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். மீதி இரைப்பை போதிய அளவு இருந்தால் பில்ராத் 1, சிறியதென்றால் ரூ-என்-ஒய் என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: முழு இரைப்பையையும் எடுத்தால் வட்ட ஸ்டேப்லரா, நேர்கோட்டு ஸ்டேப்லரா?

பதில்: அப்போது உணவுக்குழாயைச் சிறுகுடலோடு இணைப்பார்கள். வட்ட ஸ்டேப்லரின் தலையை உணவுக்குழாயின் வெட்டுமுனையில் பொருத்த வேண்டும். சிறு துளைகள் வழியே வேலை செய்யும்போது சிரமமானது அதுதான். சிலர் அதை வாய் வழியாக இறக்குவார்கள். பெரும்பாலும் 25 மி.மீ. விட்டம். ஆறும்போது இணைப்பு சுருங்கினால் விழுங்க முடியாமல் போய், பலூன் வைத்து விரிக்க வேண்டிவரும்.

நேர்கோட்டு ஸ்டேப்லரில் உணவுக்குழாயையும் குடலையும் பக்கம் பக்கமாக வைத்து 45 மி.மீ. நீளத்துக்கு இணைப்பார்கள். இணைப்பின் திறப்பு அகலமாக அமையும். ஆனால் ஸ்டேப்லரின் தாடை உணவுக்குழாயின் உட்படலத்துக்கும் தசைக்கும் நடுவே நழுவிப்போனால், வெளியே சரியாகத் தெரிந்தாலும் உள்ளே வழி திறந்திருக்காது. மூக்கு வழியே போட்ட குழாயை வழிகாட்டியாக வைத்துத் தாடையைச் செலுத்துவதும், முடித்ததும் எண்டோஸ்கோப்பில் பார்ப்பதும் இதனால்தான். கட்டி உணவுக்குழாய்வரை ஏறியிருந்தால் இதற்கு உணவுக்குழாயின் நீளம் போதாது. அங்கே வட்ட ஸ்டேப்லரே உதவும்.

கேள்வி: இணைப்பில் கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதல் வாரத்தில் காய்ச்சல், காரணமின்றி வேகமாகும் நாடித்துடிப்பு, வயிற்றிலோ நெஞ்சிலோ கூடிக்கொண்டே போகும் வலி, வடிகுழாயில் வரும் நீர் கலங்குவது அல்லது பச்சையாவது. நாடித்துடிப்பு மட்டும் ஏறினாலும் காத்திருக்காமல் சொல்லுங்கள். சிடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.