செக்கிங் காசை யாருக்குக் கொடுப்பது? வேன் வாங்குவோருக்குக் கேள்வி பதில்

போன கிழமை கொக்குவிலில் உள்ள என் கராச்சுக்கு ஒரு குடும்பம் வந்தது. 2007 ஆம் ஆண்டு டொயோட்டா கே.டி.எச். வேன், வாங்கிப் பதினொரு நாள். விற்பனை நிலையத்தில் 'முழுச் செக்கிங்' என்று 20,000 ரூபாய் கட்டி, இரண்டு பக்கத் தாளும் வாங்கியிருந்தார்கள். தாளில் எல்லாவற்றுக்கும் நேரே சரி அடையாளம் போட்டிருந்தது. வேனை உயர்த்தி, அடிச்சட்டத்தில் ஸ்குரூ டிரைவரால் குத்தினேன். உள்ளே போய்விட்டது. மேலே புதுக் கறுப்புப் பூச்சு, அதன் அடியில் முழுக்கக் கறள். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதைப் பார்த்த பிறகுதான், வேன் வாங்குவது பற்றி யாரும் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று எழுதினேன். என்னைத் தெரியாதவர்களுக்கு: மாமாவின் கராச்சில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் ஏ40 கார்களில் வேலை பழகியவன். பிறகு கனடாவில் பிரம்ப்டனில் ஒன்பது வருடம், உள்ளே கட்டில், குசினி எல்லாம் உள்ள ட்ரெயிலர் (வாகனத்தால் இழுத்துச் செல்வது), மோட்டார் ஹோம் (தானே ஓடுவது) விற்கும் இடத்தின் சேர்விஸ் பகுதியில் இருந்தேன். 2012 இல் ஊர் திரும்பினேன்.

சுன்னாகத்தில் இருந்து ஒரு தம்பி: ஒரு வேன் பிடித்திருக்கிறது அண்ணை. வெளியே கொண்டுபோய்ச் செக் பண்ண விட 15,000 கேட்கிறார்கள். வாங்கினால் விலையில் கழிப்பார்களாம். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள் தம்பி. வாகனத்தை விற்பவர் கையில் பரிசோதனைக்காகக் கொடுக்கும் காசு பரிசோதனைக் காசு அல்ல. அது உங்களைக் கட்டிப்போடும் கயிறு. 15,000 கொடுத்த பிறகு வேனில் பிழை தெரிந்தாலும், 'கொடுத்த காசு போய்விடுமே' என்று மனம் சமாதானம் தேடும். விற்பவருக்கு அது நன்றாகத் தெரியும். வாங்கினால் கழிப்போம் என்று சொல்வதும் அதற்காகத்தான். வாங்காமல் திரும்பினால் உங்களுக்கு நட்டம் வரவேண்டும் என்பதுதான் அந்த ஏற்பாடு.

நீங்கள் தயங்கினால், 'ஆனையை வாங்குகிறவர் அங்குசத்துக்கு யோசிக்கலாமா' என்று ஒரு சொல் வரும். வெட்கப்பட்டுக் காசை எடுத்துவிடாதீர்கள். அவருடைய பயம் நியாயமாகவும் இருக்கலாம்: வேனை யாரோ கொண்டுபோய் இடித்துவிட்டால்? அப்படியானால் அவருடைய ஆளே ஓட்டட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள், எண்ணெய்க் காசை நீங்கள் கொடுங்கள். இதற்கும் மறுக்கிறார் என்றால் வேனின் அடியில் ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

செக்கிங்குக்கான காசை உங்களுக்காகப் பார்க்கிற மெக்கானிக்கின் கையில் கொடுங்கள். வேன் உயர்த்தியில் நிற்கும்போது நீங்களும் கீழே நின்று பாருங்கள்.

நல்லூரில் இருந்து ஒரு ஐயா: நான் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனேன். அவரும் விற்பனையாளரும் முன்பே பழக்கம் போல் தெரிந்தது. யாரை நம்புவது?

நீங்கள் கவனித்தது சரிதான் ஐயா. என் தொழிலில் உள்ள கெட்ட பழக்கம் இது, மறைக்க விரும்பவில்லை. 'வேன் விலைப்பட்டால் உனக்கு இவ்வளவு' என்று மெக்கானிக்குக்கே கொமிஷன் பேசுகிற விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். நாங்கள் மெக்கானிக்குக்கு ஒரு தேநீரும் ஆயிரம் ரூபாயும் கொடுத்துவிட்டு ஒரு முழுக் காலை நேரத்தைக் கேட்கிறோம். மற்றப் பக்கம் பல ஆயிரம் காத்திருக்கிறது. கூலியை முன்பே பேசி, வேனை வேண்டாம் என்று சொன்னாலும் அதே கூலி என்று சொல்லிவிடுங்கள். எந்த விற்பனை நிலையத்துக்குப் போகிறோம் என்பதை அங்கே போய்ச் சேரும்வரை சொல்ல வேண்டாம்.

வேலணையில் இருந்து: யாழ்ப்பாணத்தில் ஓடிய வேன் வாங்குவதா, கொழும்புப் பக்கத்து வேன் வாங்குவதா?

ஊரை விட, எந்தத் தண்ணீரில் கழுவினார்கள் என்பதைக் கேளுங்கள். தீவுப்பகுதியிலும் கரையோரத்திலும் கடற்காற்று ஒரு பக்கம், சவர்க் கிணற்றுத் தண்ணீர் மறுபக்கம். சவர்த் தண்ணீரில் கிழமைக்கு ஒருமுறை கழுவிய வேன் மேலே பளபளக்கும், அடியில் கறள் பிடிக்கும். சறுக்குக் கதவின் கீழ்த் தண்டவாளம், சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு, பின்கதவின் கீழ் விளிம்பு ஆகிய மூன்று இடத்திலும் ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டி பூசியிருக்கிறது. கடையில் வாங்கும் சாதாரணக் காந்தம் போதும். அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். ஏன் இப்போது அடித்தார்கள் என்று கேளுங்கள்.

கொழும்புப் பக்கத்து வேன் என்றால் வெள்ளத்தில் நின்றதா என்று பார்க்க வேண்டும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது எத்தனையோ வாகனங்கள் தண்ணீருக்குள் நின்றன. இருக்கைப் பட்டியைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியைக் கழுவ யாரும் மினக்கெடுவதில்லை, சேற்றுக் கறை அங்கே அப்படியே இருக்கும்.

சாவகச்சேரியில் இருந்து ஒரு தங்கச்சி: நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே இன்னொரு பார்ட்டி முற்பணத்தோடு வருகிறது என்று போன் வந்தது. பயத்தில் ஒரு இலட்சம் கொடுத்துவிட்டோம். பற்றுச்சீட்டுத் தரவில்லை. இப்போது வேன் வேண்டாம் என்று நினைக்கிறோம்.

இந்த போன் கதை ஊருக்கு ஊர் நடக்கிறது தங்கச்சி. நீங்கள் ஏமாளி என்று நினைக்காதீர்கள். 2012 இல் நான் வாங்கிய முதல் வேனுக்கு நானே இப்படித்தான் காசு கொடுத்தேன். விற்றவர் வீட்டில் இருத்திச் சாப்பாடு போட்டார், கனடாக் கதை எல்லாம் கேட்டார். அவ்வளவு அன்பாகக் கதைத்த மனிதரிடம் 'வேனை உயர்த்திப் பார்க்க வேணும்' என்று சொல்ல வாய் வரவில்லை. ஒன்பது வருடம் அந்த வேலையையே செய்தவன் நான். மூன்றாம் மாதம் கியர்பெட்டி கழற்றினேன்.

இப்போது செய்யவேண்டியது: இன்றைக்கே போய், கொடுத்த தொகை, திகதி, வேனின் இலக்கம் மூன்றையும் எழுதிய பற்றுச்சீட்டைக் கேளுங்கள். வேண்டாம் என்பதைப் பிறகு சொல்லலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை. மறுத்தால் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடுங்கள். வங்கி மூலம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவை எடுத்து வையுங்கள், வட்ஸ்அப்பில் பேசியதை அழிக்க வேண்டாம்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். முற்பணம் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், 'எங்கள் மெக்கானிக் பார்த்துத் திருப்தி இல்லாவிட்டால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்' என்ற ஒரு வரியைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி ஒப்பம் வாங்குங்கள்.

மானிப்பாயில் இருந்து: 2008 ஆம் ஆண்டு வேன், மீற்றரில் 96,000 கிலோமீற்றர்தான். நம்பலாமா?

பிரேக் மிதியின் ரப்பரைப் பாருங்கள். 96,000 ஓடிய வேனில் ரப்பரின் வரிகள் தெரியவேண்டும். வழுவழுவென்று தேய்ந்திருந்தால் மீற்றரைச் சந்தேகப்படுங்கள். புது ரப்பர் மாட்டியிருந்தால் அதுவும் ஒரு கேள்வி. ரயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் கிழமையில் செய்தது. இருக்கைப் பட்டிகளின் துணிச்சீட்டில் ஆண்டு இருக்கும். ஒன்றில் மட்டும் வேறு ஆண்டு இருந்தால் அந்தப் பக்கம் அடிபட்டிருக்கலாம்.

ஜப்பானில் இருந்து ரீகண்டிஷனாக வந்ததென்றால், அங்கே ஏலத்தில் வாகனத்தின் நிலையைப் பதிந்த ஏல அறிக்கையைக் கேட்கலாம். ஆனால் அவர் காட்டும் போட்டோப் பிரதியை வைத்து முடிவெடுக்காதீர்கள். சேஸி இலக்கத்தைக் கொண்டு நீங்களே பணம் கட்டி எடுக்கலாம். அதில் ஆர் என்று தரம் போட்டிருந்தால் அடிபட்டுத் திருத்திய வாகனம்.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியாருக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் அந்த ஐந்து வருடமும் இருக்கிற வேன்களே ஓடின. அந்தக் காலத்தில் ஒரு வேன் வருடக்கணக்காக ஓடாமல் நின்றது என்று சொன்னால் எனக்கு நம்புவது கஷ்டம்.

உரும்பிராயில் இருந்து: லீசிங் 12 வீதம்தான் என்கிறார்கள். மாதத் தவணையும் கட்டக்கூடியதாக இருக்கிறது. சரிதானே?

விலையைக் கேட்டால் மாதத் தவணையைச் சொல்வது பழைய விற்பனைத் தந்திரம். பிரம்ப்டனிலும் அதே பேச்சுத்தான். 12 வீதம் என்பது 'பிளாட்' வீதமா என்று கேளுங்கள். 25 இலட்சத்துக்கு ஐந்து வருடம் 12 வீதம் பிளாட் என்றால், வட்டி மட்டும் 15 இலட்சம். மொத்தம் 40 இலட்சத்தை 60 ஆல் பிரித்தால் மாதம் 66,667 ரூபாய். நீங்கள் முதலைக் கட்டிக் குறைத்துக்கொண்டு வர, வட்டி மட்டும் முழு 25 இலட்சத்துக்கும் போய்க்கொண்டே இருக்கும். குறைந்துசெல்லும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 20 வீதம். முதலில் வேனின் விலையை முடியுங்கள், அதைத் தாளில் எழுதி வாங்குங்கள். லீசிங்கை வேறொரு நாள், வேறு இரண்டு இடத்திலும் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

ஸ்கார்பரோவில் இருந்து ஒரு மருமகன்: மாமா, 2018 ட்ரெயிலர் ஒன்று பார்த்திருக்கிறோம். டீலர் 499 டொலர் பரிசோதனைக் கட்டணம், அதோடு நிர்வாகக் கட்டணம் என்று சேர்க்கிறார். வழமையா?

வழமைதான் மருமகன், அதற்காக நியாயம் ஆகாது. வாகனத்தைக் கையளிக்க முன் எரிவாயு, தண்ணீர், மின்சாரம், பிரேக் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்ப்பது விற்கிறவரின் வேலை. நான் அங்கே இருந்தபோது அந்தப் பார்வைக்கு எங்களுக்குத் தந்த நேரம் மிகக் குறைவு. சனிக்கிழமை கையளிக்கவேண்டிய ட்ரெயிலர்கள் வெள்ளி பின்னேரம் வரிசையில் நிற்கும். தண்ணீர்த் தாங்கியை நிரப்பிப் பார்க்காமலே தாளில் அடையாளம் விழுந்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆகவே அந்தத் தாளைக் கேட்டு வாங்கு, ஆனால் அதை நம்பி வாங்காதே. டீலரோடு தொடர்பில்லாத, சான்றிதழ் பெற்ற ஒரு பரிசோதகரை நீயே பிடி. 499 ஐ விட அதிகம் கேட்பார், கொடு. அவர் உனக்காகப் பார்ப்பவர்.

ஒன்ராறியோவில் பதிவுபெற்ற வாகன டீலர் விளம்பரம் செய்யும் விலையில், எச்.எஸ்.டி. வரியும் பதிவுக் கட்டணமும் தவிர மற்ற எல்லாக் கட்டணமும் அடங்கியிருக்க வேண்டும். மோட்டார் ஹோமுக்கு இது பொருந்தும். இழுத்துச் செல்லும் ட்ரெயிலர் அந்தச் சட்டத்துக்குள் வராது. அதனால்தான் ட்ரெயிலரில் இப்படிக் கட்டணங்கள் முளைக்கின்றன. பேரம் பேசி நீக்கச் சொல். 'ஒப்பமிட்டாலும் சில நாளுக்குள் திருப்பலாம்' என்று யாரோ சொல்வார்கள். ஒன்ராறியோ டீலரிடம் வாகனம் வாங்கினால் அப்படி ஒரு அவகாசம் சட்டத்தில் இல்லை, ட்ரெயிலருக்கும் அதை எதிர்பார்க்காதே. 'என் பரிசோதகர் திருப்தி என்றால் மட்டுமே' என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுது.

பார்க்கும்போது வெளிச்சுவரில் கையை வைத்துத் தடவிப் பார். ஃபைபர் கிளாஸ் எங்காவது குமிழி போல் எழும்பியிருந்தால் உள்ளே தண்ணீர் போய்ப் பலகை பிரிந்துவிட்டது. கட்டிலுக்கும் குளியலறைக்கும் பக்கத்துத் தரையில் குதிகாலை ஊன்று. அமிழ்ந்தால் திரும்பி வந்துவிடு. ட்ரெயிலரின் நிறையையும் கேள். உன் ஜி லைசென்ஸில் 4,600 கிலோவுக்கு மேல் இழுக்க முடியாது. 15, 20 வருடக் கடனில் தவணை சின்னதாகத் தெரியும், ட்ரெயிலர் அவ்வளவு காலம் தாக்குப்பிடிக்குமா என்று யோசி.

கோப்பாயில் இருந்து: வேனுக்குள் கட்டில், சின்னக் குசினி போட்டு குடும்பத்தோடு ஊர் சுற்றலாமா?

செய்யலாம். கழற்றக்கூடிய மாதிரிச் செய்யுங்கள். இருக்கைகளை நிரந்தரமாக எடுத்தால், வாகனத்தின் வகை மாறினால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். காப்புறுதிக் காரரிடமும் முன்பே எழுத்தில் சொல்லுங்கள். எரிவாயுச் சிலிண்டரை மூடிய வேனுக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள்.

பருத்தித்துறையில் இருந்து: ஓப்பன் பேப்பரில், அதாவது பேர் மாற்றாமல் பழைய உரிமையாளர் ஒப்பமிட்ட படிவத்தோடு மட்டும், தருகிறேன் என்கிறார். பேர் மாற்றும் செலவும் மிச்சம் என்கிறார்.

வேண்டாம் அண்ணை. பதிவுப் புத்தகத்தில் பெயர் இருப்பவர் யார், அவர் உயிரோடு இருக்கிறாரா, ஒப்பம் அவருடையதா, ஒன்றும் உங்களுக்குத் தெரியாது. திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள். முழு உரிமையாளர் இடத்தில் லீசிங் கம்பனி இருந்தால் கடன் முடிந்ததற்கான கடிதம் கையில் வரும்வரை காசு கொடுக்காதீர்கள். பேர் மாற்ற, விற்பவர் எம்.ரி.ஏ. 6, நீங்கள் எம்.ரி.ஏ. 8 படிவம் நிரப்ப வேண்டும். சேஸியில் பொறித்த இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் புத்தகத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

கோண்டாவிலில் இருந்து ஒரு அக்கா: மெக்கானிக்கைக் கூட்டிப் போக ஆள் இல்லை. நானே போனால் என்ன பார்க்கலாம்?

காலை ஏழரைக்கு, சொல்லாமல் போங்கள் அக்கா. போனவுடன் என்ஜின் மூடியில் புறங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் குளிரில் ஸ்ராட் ஆகாத குறையை மறைக்க முன்பே ஸ்ராட் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். குளிராக இருந்தால் உங்கள் முன்னால் ஸ்ராட் பண்ணச் சொல்லி, புகைக்குழாய்க்குப் பின்னால் நின்று பாருங்கள். நீலப் புகை விட்டுவிட்டு வந்தால் என்ஜின் ஒயில் எரிகிறது. வேன் நிற்க, என்ஜின் ஓடும்போதே ஒயில் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். புகை குபுகுபுவென்று தள்ளினால் அதோடு வீட்டுக்குத் திரும்பலாம்.

எல்லாம் நன்றாகத் தெரிந்தால் பண்ணைப் பாலத்தால் ஒருமுறை போய் வாருங்கள். நேரான ரோட், வேன் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று அங்கே தெரியும். ரேடியோவையும் ஏசியையும் நிறுத்தச் சொல்லுங்கள், கதை கொடுத்தாலும் பதில் சொல்லாமல் சத்தத்தைக் கேளுங்கள். பிறகு கூட, உயர்த்திப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். சனிக்கிழமை காலையில் நான் கராச்சில் இருப்பேன், வேனை அங்கே கொண்டுவரச் சொல்லுங்கள்.